தாப்பிருக்கு வசனம் எழுதுகிறவள்

பெயர் வைத்தவன் ஹக்கிமி.
தொம்போக்.
மலாயில் அதற்குத் திட்டு என்று பொருள்,
தோலில் விழும் வெள்ளைத் திட்டு.
தமிழில் திட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்றேன்.
இது யாரையும் திட்டவே கூடாது,
அதற்குத்தான் உனக்குச் சம்பளம் என்றான்.

சியூ பெங் வரைந்த தாப்பிர்:
முகத்தில் இரவு, நான்கு காலிலும் இரவு,
வயிற்றைச் சுற்றி மட்டும் பகல்.
பிள்ளை தண்ணீர் குடித்தால் இதுவும் குடிக்கும்.
பிள்ளை நடந்தால்
குட்டைக் காலைத் தூக்கிப் பின்னால் ஓடும்.
பத்தரைக்குக் கொட்டாவி விடும்.
கொட்டாவி மட்டும் ஏழு விதம்.
எல்லாவற்றுக்கும் வசனம் நான்,
பங்சாரில், பதினேழாவது மாடியில்,
இரவு ஒன்றே முக்காலுக்கு,
சீனி தூக்கலான மூன்றாவது தே தாரிக்கோடு.

செந்தூலில் ஓர் இடைநிலைப்பள்ளி.
இரண்டாம் படிவம், முப்பத்தொரு பிள்ளைகள்.
எனக்குப் பெயர்கள் தெரியாது, எண்கள்தான்.
பத்தொன்பது நேர்மையான பொய்யன்:
ஒரே நிமிடத்தில் எட்டுக் குவளை தண்ணீர் குடிப்பான்.
நான்கு, கைப்பேசியை நாயின் கழுத்தில் கட்டிப்
பன்னிரண்டாயிரம் அடி நடந்தவள்.
நாய் நலமாக இருக்கிறதாம்.
இருபத்தாறு
தினமும் தொம்போக்குக்கு வணக்கம் சொல்கிறவள்.

மூன்றாவது வாரம் இருபத்தாறு
காலைச் சாப்பாட்டைப் பதியவில்லை.
மறந்திருப்பாள்.
மறுநாளும் இல்லை. மத்தியானமும் இல்லை.
தண்ணீர் உண்டு. நடை உண்டு.
பதினாறு மாடிப் படிக்கட்டு,
மின்தூக்கி கெட்டிருக்கும் என்று நினைத்தேன்.
ஒரே மாலையில் மூன்று முறை ஏறி இறங்க
எந்த மின்தூக்கியும் கெடுவதில்லை.

நான்காம் நாள் இரவு தட்டியிருந்தாள்:
"தொம்போக், உனக்கு வயிறு பெருசா இருக்கு.
நான் சாப்பிடலைன்னா நீயும் சாப்பிட மாட்டேதானே.
ரெண்டு பேரும் சேர்ந்து குறைஞ்சிடலாம்."

என் பட்டியலில் இருந்தவை:
சபாஷ்!
இன்னும் ஒரு வாய்!
நாளைக்குப் பார்த்துக்கலாம்!
ஆச்சரியக்குறிகள்
பள்ளி வாசலில் மாணவத் தலைவர்கள் போல
விறைத்து நின்றன.

விதி தெளிவு. முதலில் பள்ளி ஆலோசகருக்குச் செய்தி.
புவான் ரொஸ்னிதா அந்நேரத்திலும் விழித்திருந்தார்:
"காலையில் நான் பார்க்கிறேன்."
எண்ணுக்குள் இருக்கும் பெயர் அவருக்குத் தெரியும்.
நான் கேட்கவில்லை.
என் வேலை, அதற்குள்
தாப்பிர் என்ன சொல்லும் என்பது.

"இளைக்க வைக்கவா, அழ வைக்கவா,
ரெண்டும் பத்து நிமிஷ வேலை" என்றாள் சியூ பெங்.
வேண்டாம்.
பசித்த பிள்ளையிடம் போய்
இன்னொரு பசியைக் காட்டிக் கடன் கேட்கக் கூடாது.

பதினான்கு வயதில் நானும்
மஸ்ஜித் இந்தியாவில், துணிக்கடைக் கண்ணாடி முன்
வயிற்றை உள்ளிழுத்து
மூச்சை விட மறந்து நின்றவள்தான்.
அதை எந்தப் படிவத்திலும் நிரப்பியதில்லை.

நாற்பது வரி எழுதி முப்பத்தெட்டை அழித்தேன்.

விடியுமுன் அவள் திறந்தபோது
தொம்போக் புல்லில் மல்லாந்து கிடந்தது,
வயிற்றில் வெயில் விழ.
"இங்கேதான் எனக்குப் பகல் இருக்கு.
இதைக் குறைச்சா முழுக்க ராத்திரி ஆயிடுவேன்.
பசிக்குது. உனக்கு?"

படித்ததற்கான குறி விழுந்தது.
பதில் இல்லை.
பள்ளிக்குள் கைப்பேசி கூடாது,
எட்டு மணி நேரம் திரையில் ஒன்றும் அசையாது
என்று தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன்.
பத்தொன்பது மட்டும் எங்கிருந்தோ
எட்டுக் குவளை குடித்தான்.

இரண்டேகாலுக்கு
இருபத்தாறின் கட்டத்தில் ஒரு படம்:
பிரித்த இலையில் நாசி லெமாக், பாதி.

பாதி போதுமா, நாளைக்கும் உண்டா,
புவான் ரொஸ்னிதாவிடம் என்ன சொன்னாள்,
அதெல்லாம் என் திரைக்கு வராது.
படத்தின் கீழே மட்டும் இப்படி:
"நெத்திலியை எடுத்து ஓரமா வச்சிட்டேன்.
நீ இலை தழைதானே சாப்பிடுவே."

எங்கே படித்தாளோ.
அந்த வசனம் நான் எழுதியதில்லை.